வரதட்சணைப் புகாரும் மாமியார் வீட்டார் மீதான வழக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மேசையில் மனு எழுத உதவுகிறேன். மகளை அழைத்துக்கொண்டு ஒரு அப்பா வருவார். அவர் போன கொஞ்ச நேரத்தில், வேறொரு புகாரில் பெயர் சேர்க்கப்பட்ட ஒரு மாமியார் சம்மனைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். இரண்டு தரப்பும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றே. அவற்றைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே எழுதி, தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டிப் பதில் சொல்லியிருக்கிறேன். உங்கள் காகிதங்களைப் படித்துப் பார்த்த வழக்கறிஞர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

வரதட்சணைக் கொடுமைன்னா சட்டத்துல என்ன? பணம், நகை கேட்டாத்தான் குற்றமா?

இல்லை. சட்டம் இரண்டு விதமான கொடுமையைச் சொல்கிறது. ஒன்று, பெண்ணைத் தற்கொலைக்குத் தள்ளக்கூடிய, அல்லது அவள் உயிருக்கோ உடலுக்கோ மனநலத்துக்கோ பெரிய கேடு செய்யக்கூடிய நடத்தை. இதில் பணப் பேச்சே வர வேண்டியதில்லை. இரண்டாவது, பணம், நகை, வண்டி, நிலம் என்று சட்டவிரோதமாக எதையாவது கேட்டோ, கேட்டது கிடைக்கவில்லை என்றோ தொல்லை கொடுப்பது. இரண்டில் ஒன்று இருந்தாலே போதும்.

சாம்பார் சரியில்லை என்று மாமியார் சொன்னதும், தலைதீபாவளிக்கு அனுப்பிய சேலை பிடிக்கவில்லை என்று நாத்தனார் முகம் சுளித்ததும் இதில் வராது. சாதாரணக் குடும்பச் சண்டைக்கும் குற்றத்துக்கும் நடுவே கோடு இருக்கிறது என்று நீதிமன்றங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன. அந்தக் கோடு எங்கே என்பதுதான் பாதி வழக்குகளின் சண்டையே.

ஸ்டேஷன்ல 85-னு சொல்றாங்க, வக்கீல் 498ஏ-ங்கறார். எது சரி?

இரண்டும் ஒன்றுதான். 1983-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 என்று இரண்டு பிரிவுகளாக இருக்கிறது. 85 தண்டனையைச் சொல்கிறது, 86 கொடுமை என்றால் என்ன என்பதைச் சொல்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததற்குப் பழைய எண், அதற்குப் பின் நடந்ததற்குப் புதிய எண். தண்டனை மாறவில்லை: 3 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். ஜாமீனில் விட முடியாத குற்றம் என்பதும் அப்படியே இருக்கிறது.

இத்துடன் பெரும்பாலும் 1961-ம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவும் (கேட்டதற்கு), தமிழ்நாடு பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் தடைச் சட்டத்தின் 4-வது பிரிவும் சேர்ந்து வரும். எஃப்.ஐ.ஆரில் நிறைய எண்கள் இருக்கின்றனவே என்று மிரள வேண்டாம். ஒரே சம்பவத்துக்குத்தான் இத்தனை எண்களும்.

என் பொண்ணு ஸ்டேஷனுக்கு வரவே பயப்படுறா. அவளுக்காக நான் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ரத்த உறவு, திருமண உறவு, தத்து உறவு உள்ள எவர் தகவல் கொடுத்தாலும் போலீஸ் வழக்குப் பதியலாம். போலீஸை விட்டு நேராக நீதிமன்றத்தில் தனிப்புகார் போடுவதென்றால் அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்கள், அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள் போடலாம். அதாவது சித்தப்பா, தாய்மாமன் வரைக்கும் உரிமை உண்டு.

ஆனால் வழக்கு நகர வேண்டுமென்றால் என்றைக்காவது ஒருநாள் அவளே வாயைத் திறந்து சொல்லத்தான் வேண்டும். அவள் மனசு தயாராகும் முன் நீங்கள் ஓடிப்போய்ப் புகார் கொடுத்தால், நாளைக்கு அவளே 'எனக்கு ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் நிலை வரலாம். அவசரமாக ஆபத்து இருந்தால் 181 பெண்கள் உதவி எண்ணையோ 112-ஐயோ கூப்பிடுங்கள். அந்தக் கட்டத்தில் புகார் அப்புறம், உயிர் முதலில்.

நடந்தது கோயம்புத்தூர்ல, பொண்ணு இப்போ எங்ககூட திருநெல்வேலியில இருக்கா. எங்க போய்க் கொடுக்கறது?

திருநெல்வேலியிலேயே கொடுக்கலாம். கொடுமை தாங்காமல் பெண் தஞ்சம் புகுந்த ஊரிலும் வழக்கு நடத்தலாம் என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அடி நின்றாலும் அதன் மன வேதனை பிறந்த வீட்டிலும் தொடர்கிறது என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம்.

இதுபோக எந்த ஊர்க் குற்றமானாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைக்கான இப்போதைய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு சொல்கிறது. 'எங்க லிமிட் இல்ல' என்று திருப்பி அனுப்ப முடியாது.

மகளிர் ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர். சீட்டு ஒண்ணு கொடுத்து, ரெண்டு பக்கமும் கவுன்சிலிங்குக்கு வாங்கன்னாங்க. கேஸ் ஆயிடுச்சா?

இன்னும் ஆகவில்லை. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது மட்டுமே. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கிய காலத்திலிருந்தே குடும்பப் பிரச்சினையில் முதலில் பேசிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சட்டமும் இதற்கு ஓரளவு இடம் தருகிறது. திருமணத் தகராறுகளில் எஃப்.ஐ.ஆருக்கு முன் ஆரம்ப விசாரணை நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது. இப்போதைய 173(3)-ன்படி, 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டுக்கு உட்பட்ட தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் அந்த விசாரணையை முடிக்க வேண்டும்.

கவுன்சிலிங்கில் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 'இனி ஒழுங்காக வைத்துக்கொள்கிறேன்' என்று கணவர் எழுதிக் கொடுத்தால், அதில் என்னென்ன நடந்தது என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நகல் வாங்காமல் எழுந்திருக்க வேண்டாம். பிறகு வழக்கானால் அந்த ஒரு தாள் பெரிதாகப் பேசும். இது மாமியார் வீட்டாருக்கும் பொருந்தும். ஊர்ப் பெரியவர் சொன்னார் என்று செய்யாததைச் செய்ததாக எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் புலம்புபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொன்று: அலகாபாத் உயர் நீதிமன்றம் 2022-ல் வகுத்த நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. புகாருக்குப் பிறகு 2 மாத அவகாசம், அதற்குள் குடும்ப நலக் குழுவிடம் பேச்சு, அதுவரை கைது இல்லை என்பது அதன் சாரம். காயம் ஏற்பட்ட வழக்குகளுக்கு இது கிடையாது.

எத்தனை தடவை போனாலும் எஃப்.ஐ.ஆர். போடவே மாட்டேங்கறாங்க.

மனுவை மாவட்ட எஸ்.பி.க்கு, மாநகரமென்றால் ஆணையருக்கு, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். அதிலும் அசைவில்லை என்றால் பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் 175(3)-ன் கீழ் மனு போடலாம். அவர் உத்தரவிட்டால் நிலையம் பதிந்தே ஆக வேண்டும். தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். எஸ்.பி.க்கு அனுப்பினீர்களா என்பதுதான் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று யாரும் நின்றுவிட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள்.

புகார்ல யார் யார் பேரைப் போடணும்? தெரிஞ்சவர் ஒருத்தர், வீட்ல ஒருத்தர் விடாம போட்டாத்தான் பயப்படுவாங்கன்னார்.

இந்த மேசையில் நான் அதிகம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுவது இந்தக் கேள்விக்குத்தான். எல்லார் பெயரையும் போடுவது பெண்ணின் வழக்கைப் பலப்படுத்தாது, நீர்த்துப்போகச் செய்யும்.

பொதுவாக வரும் புகார் இப்படி இருக்கும்: 'மேற்படி ஏ1 முதல் ஏ7 வரை உள்ள எதிரிகள் அனைவரும் ஒன்றுசேர்ந்து கூடுதல் வரதட்சணை கேட்டு என்னை உடல்ரீதியாகவும் மனரீதியாகவும் கொடுமைப்படுத்தினர்.' ஏ1, ஏ2 என்பவை குற்றம் சாட்டப்பட்டவர்களின் வரிசை எண்கள். இந்த வரியில் தேதி இல்லை, இடம் இல்லை, யார் என்ன செய்தார் என்பது இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்தில் இதை ஒரு முறை வாசித்துக் காட்டினாலே ஏ3-யிலிருந்து ஏ7 வரை உதிர்ந்துவிடும். 2022-ல் பீகார் வழக்கிலும், 2024 டிசம்பரில் தெலங்கானா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட மொத்தக் குற்றச்சாட்டுகளைத்தான் ரத்து செய்தது. அதோடு நிற்காது. ஏழு பேரில் ஐந்து பேர் மீது சும்மா போட்டது என்று தெரிந்தபின், மீதி இரண்டு பேர் மீது சொல்வதையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் படிப்பார்.

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'வளைகாப்பு முடிந்து மூன்றாம் நாள் இரவு, சமையலறையில், மாமியார் என் வளையல்களைக் கழற்றி வாங்கிக்கொண்டு, உன் அப்பா பாக்கி வைத்த 10 பவுன் வரட்டும், அப்புறம் போட்டுக்கொள் என்றார். கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை 7 மணிக்கு என் அண்ணனுக்கு போன் செய்து சொன்னேன்.' ஆள் இருக்கிறது, நாள் இருக்கிறது, சொன்ன சொல் இருக்கிறது, போன் பட்டியலில் சரிபார்க்க ஒரு அழைப்பும் இருக்கிறது. இதை உடைப்பது கஷ்டம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் செய்த ஒரு காரியத்தையாவது இப்படி எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியாத பெயரை அடித்துவிடுங்கள்.

எல்லாம் நாலு சுவத்துக்குள்ள நடந்தது. ஆதாரத்துக்கு எங்க போறது?

நேரில் பார்த்தவர் இல்லாதது இந்த வழக்குகளில் சகஜம். அது நீதிமன்றத்துக்கும் தெரியும். பெண்ணின் சாட்சியமே சாட்சியம்தான். நடந்ததை அவள் உடனே யாரிடம் சொன்னாளோ அந்த அம்மாவோ அக்காவோ தோழியோ அதைத் தாங்கிப் பிடிக்கும் சாட்சிகள்.

காகிதங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருக்கும். நகைக்கடை ரசீது, கல்யாண ஆல்பத்தில் நகை தெரியும் படங்கள், மாப்பிள்ளை கணக்குக்குப் போன வங்கிப் பரிமாற்றம், மண்டப ரசீது. அடி வாங்கி அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். அந்த ஏ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவரிடம் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லியிருந்தால் அதுவும் அதிலேயே இருக்கும். மானம் போகும் என்று சொன்ன அந்த ஒரு பொய் குறுக்கு விசாரணையில் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. ஏன் அப்படிச் சொன்னீர்கள், அப்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுவது நல்லது.

வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். செய்தி இருக்கும் அந்த போனையும் பத்திரமாக வைத்திருங்கள். போன் மாற்றியபோது எல்லாம் அழிந்துவிட்டது என்று வருபவர்கள் நிறைய.

வரதட்சணை கொடுக்கறதும் குற்றமாமே. கொடுத்தேன்னு எழுதினா என்னையும் புடிப்பாங்களா?

எழுத்தில் அது உண்மை. 1961 சட்டத்தின் 3-வது பிரிவுப்படி கொடுப்பது, வாங்குவது இரண்டுக்குமே குறைந்தது 5 ஆண்டு தண்டனை. ஆனால் பாதிக்கப்பட்டவர் தரும் வாக்குமூலத்தை வைத்து அவர் மீதே இந்தச் சட்டப்படி வழக்குப் போட முடியாது என்று 7(3) பிரிவு காப்பு தருகிறது. அதனால் கொடுத்ததை மறைத்து, 'அன்பளிப்பாகக் கொடுத்தோம்' என்று பூசி எழுத வேண்டாம். எதிர்த்தரப்பு பிறகு அதே வரியைக் காட்டி, 'அன்பளிப்புதானே, நாங்கள் எங்கே கேட்டோம்?' என்று கேட்கும்.

யாரும் கேட்காமல், வழக்கப்படி, வசதிக்கு மீறாமல் தரும் சீர் வேறு. அதற்கு ஒரு பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்று 1985 விதிகள் சொல்கின்றன. மொய் நோட்டை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதுகிற நாம் இந்தப் பட்டியலை மட்டும் எழுதுவதில்லை.

நகையெல்லாம் மாமியார் பீரோவுல இருக்கு. திரும்பக் கிடைக்குமா?

பெண்ணுக்குப் போட்ட நகையும் அவளுக்கு வந்த சீரும் அவளுக்கே சொந்தம். கணவர் வீட்டார் கையில் இருப்பது நம்பி ஒப்படைத்த பொருள் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. கேட்டும் தராவிட்டால் நம்பிக்கை மோசடி என்று தனிப் பிரிவு சேரும். வரதட்சணையாக வாங்கியதையும் 3 மாதத்துக்குள் பெண் பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது 1961 சட்டத்தின் 6-வது பிரிவு.

சீக்கிரம் பலன் வேண்டுமென்றால் குற்ற வழக்கை மட்டும் நம்பாமல் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழும் மனு போடுங்கள். அதில் நகையைத் திருப்பித் தர, மாதச் செலவுக்குப் பணம் தர, வீட்டில் தங்க விட என்று உத்தரவு வாங்கலாம். யாரையும் சிறைக்கு அனுப்புவது அதன் நோக்கமில்லை என்பதால் தயங்கும் பெண்களுக்கு இதுதான் முதல் படியாகப் பொருந்துகிறது. இந்த மனுவுக்கு உதவ மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மாவட்ட சமூக நல அலுவலரே தமிழ்நாட்டில் வரதட்சணைத் தடுப்பு அலுவலர். அவரிடமும் மனு கொடுக்கலாம்.

மருமகள் புகார் கொடுத்துட்டா. எஃப்.ஐ.ஆர். ஆனதும் கைது பண்ணிடுவாங்களா? எங்கம்மாவுக்கு 68 வயசு.

உடனே கைது என்ற காலம் போய்விட்டது. 2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், குறிப்பாக 498ஏ-யில், கைது ஏன் தேவை என்று போலீஸ் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று சொன்னது. அந்த நோட்டீஸ் இப்போது 35(3) என்ற எண்ணில் வரும். அது வந்தால் ஒளிந்துகொள்ளாமல் சொன்ன நாளில் போய் நில்லுங்கள். ஒத்துழைக்கும் வரை கைது செய்ய வேண்டியதில்லை என்பதே பொது விதி. போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

பெண்களைச் சூரியன் மறைந்தபின், உதிக்கும் முன் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கென்றால் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஜாமீன் விஷயத்திலும் பெண், நோயாளி என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அம்மாவின் மருத்துவச் சீட்டுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

அப்படின்னா முன்ஜாமீன் வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அடிதடி, காயம் போன்ற பிரிவுகள் சேர்ந்திருந்தாலோ, பேச்சு கசந்து போயிருந்தாலோ போட்டுவிடுவது நிம்மதி. மாவட்ட அமர்வு நீதிமன்றத்திலும் போடலாம், உயர் நீதிமன்றத்திலும் போடலாம். சில நாள் காலை 10.30-க்கு நிலையத்தில் கையெழுத்து, இரண்டு பிணையாளர் என்று நிபந்தனைகள் வரும். கையெழுத்து ஒருநாள் தவறினாலும் உடனே வழக்கறிஞருக்குச் சொல்லுங்கள்.

எண் குழப்பம் ஒன்று உண்டு. 482 என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்பது. புதிய சட்டத்தில் 482 முன்ஜாமீன், ரத்துக்கு 528. பழகிய வாய்க்கு இது இன்னும் வரவில்லை. எந்த மனு போடுகிறோம் என்று ஒரு முறைக்கு இரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கல்யாணமாகி ஓசூர்ல இருக்கேன். தம்பி வீட்டுக்கு வருஷத்துல ரெண்டு தடவைதான் போவேன். நாத்தனார்னு என்னையும் ஏ4-ஆ போட்டிருக்காங்க.

புகாரில் எந்த மாதிரி வரிகள் நிற்காது என்று மேலே சொன்னேன். உங்கள் வழக்கின் சாவி அதுதான். எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்து, உங்கள் பெயர் வரும் வரிகளை மட்டும் அடிக்கோடு போடுங்கள். தேதியும் காரியமும் இல்லாமல் 'அனைவரும்' என்பதற்குள் மட்டும் நீங்கள் இருந்தால், சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ 528-ன் கீழ் ரத்து கேட்கலாம். தனிக் குடித்தனத்துக்கான வாடகை ஒப்பந்தம், ரேஷன் கார்டு, வேலை வருகைப் பதிவு உதவும்.

அதே சமயம், வேறு ஊரில் இருப்பதே தப்பிக்க வழி என்று நினைக்க வேண்டாம். 'அவங்க அப்பா காரை எடுத்துட்டு வரட்டும், அதுவரைக்கும் இவளைச் சேர்க்காதே' என்று ஓசூரிலிருந்து போனில் சொன்னது பதிவாகியிருந்தால் கிலோமீட்டர் கணக்கு எடுபடாது. உயர் நீதிமன்றம் மறுத்தாலும், குற்றப்பத்திரிகை நகல் கையில் கிடைத்த 60 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடமே விடுவிப்பு மனு போடலாம்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பா அம்மா வந்து நிக்கணுமா?

இல்லை. வழக்கறிஞர் காரணம் காட்டி மனு போட்டால் அன்றைக்கு வராமல் இருக்கலாம். இன்னும் எல்லாரும் 317 பெட்டிஷன் என்றுதான் சொல்கிறார்கள், இப்போது அது 355. வயது, நோய் காரணமாக மொத்தமாகவே நேரில் வர விலக்கும் கேட்கலாம். குற்றச்சாட்டு வனையும் நாள், தீர்ப்பு நாள் போன்றவற்றுக்கு வர வேண்டியிருக்கும்.

நான் அரசு ஊழியர். அண்ணன் கேஸ்ல என் பேரும் இருக்கு. வேலை போயிடுமா?

எஃப்.ஐ.ஆர். ஆனதாலேயே வேலை போகாது. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தற்காலிகப் பணிநீக்கம் தானாக வந்துவிடும். அதனால்தான் அரசு ஊழியர்கள் முன்ஜாமீனுக்கு ஓடுகிறார்கள். துறைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள், மறைத்தது தெரிந்தால் அது தனி ஒழுங்கு நடவடிக்கையாகும்.

வீடு என் பேர்ல இருக்கு. கேஸ் போட்ட மருமகளை வெளிய அனுப்பலாம்ல?

நீங்களாகப் பூட்டை மாற்றி, பெட்டியைத் தெருவில் வைத்தால் இருக்கிற வழக்கோடு இன்னொரு வழக்கு சேரும். மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீடானாலும், மருமகள் குடும்பமாக வாழ்ந்த இடமென்றால் அது பகிர்ந்து வாழ்ந்த வீடாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது. மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி அந்த உரிமையை அப்படியே தட்டிவிட முடியாது என்றும் அதே ஆண்டு இன்னொரு வழக்கில் சொன்னது. இது சொத்துரிமை அல்ல, குடியிருக்கும் உரிமைதான். வேறு வீடு பார்த்துக் கொடுத்தோ, சட்ட வழியில் உத்தரவு வாங்கியோ வெளியேறச் சொல்லலாம்.

அவரோட பழக்கத்துல இருக்கற பொம்பளைதான் எல்லாத்துக்கும் காரணம். அவளையும் சேர்க்கலாமா?

85-ல் சேர்க்க முடியாது. கணவரும் அவரது உறவினரும் மட்டுமே அந்தப் பிரிவுக்குள் வருவார்கள். ரத்தம், திருமணம், தத்து ஆகிய மூன்றில் ஒரு உறவு வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரர், தரகர், குடும்ப நண்பர் எல்லாருக்கும் இதே பதில். அவர்கள் அடித்திருந்தாலோ மிரட்டியிருந்தாலோ அதற்கான பொதுப் பிரிவுகள் இருக்கின்றன.

நான் விவாகரத்து நோட்டீஸ் அனுப்பின பிறகுதான் அவ புகார் கொடுத்தா. பழைய கதையெல்லாம் எழுதியிருக்கா. செல்லுமா?

நோட்டீஸுக்குப் பிறகு வந்தது என்பதால் மட்டும் புகார் பொய்யாகிவிடாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இனி சேர்ந்து வாழ வழியில்லை என்று தெரிந்தபின் புகார் கொடுப்பவர்கள் உண்டு. பழிவாங்கக் கொடுப்பவர்களும் உண்டு. நீதிமன்றம் இரண்டையும் பார்க்கும். மேலே சொன்ன 2024 தெலங்கானா வழக்கில் பழிவாங்கும் நோக்கம் தெரிந்ததால் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில், கொடுமைக்கு ஆளான பெண் வாய் மூடி இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை என்றும் எழுதியது. பாதியை மட்டும் பார்வர்ட் செய்பவர்கள் மீதியையும் படிக்கலாம்.

காலக்கெடு என்று பார்த்தால் 3 ஆண்டு. ஆனால் கொடுமை தொடர் குற்றமாகக் கருதப்படுவதால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ணுவார்கள். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் நீதிமன்றம் மன்னிக்கவும் செய்யும்.

ரெண்டு குடும்பமும் பேசித் தீர்த்துட்டோம். கேஸை வாபஸ் வாங்கணும்.

இது வாபஸ் வாங்கக்கூடிய வழக்கில்லை. நிலையத்தில் எழுதிக் கொடுத்தாலும், மாஜிஸ்திரேட்டிடம் சொன்னாலும் தீராது. பக்கத்து ஆந்திராவில் பழைய நடைமுறைச் சட்டத்தில் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ள மாநிலத் திருத்தம் இருந்தது, இங்கே அதுவும் இல்லை. வழி ஒன்றுதான்: சமரச ஒப்பந்தத்தை எழுதி, உயர் நீதிமன்றத்தில் 528-ன் கீழ் ரத்து மனு. இப்படி ரத்து செய்யலாம் என்று 2003-லிருந்தே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. பெண் நேரில் வந்து, யாரும் வற்புறுத்தவில்லை என்று சொல்ல வேண்டும்.

ஒப்பந்தத்தில் தொகை, தவணைத் தேதி, நகைப் பட்டியல், குழந்தையை யார் வைத்துக்கொள்வது, நிலுவையிலுள்ள எல்லா வழக்கு எண்களும் இருக்கட்டும். முழுத் தொகையையும் முன்பே கொடுத்துவிடுவதும் வேண்டாம், ரத்தான பிறகு தருகிறோம் என்பதை நம்புவதும் வேண்டாம். டி.டி. எடுத்து நீதிமன்றத்திலேயே கைமாற்றுவதுதான் வழக்கம்.

கல்யாணமாகி நாலு வருஷம். பொண்ணு தூக்குல தொங்கிட்டான்னு போன் வந்தது. நாங்க என்ன செய்யணும்?

இது வேறு வழக்கு. திருமணமாகி 7 ஆண்டுக்குள் இயற்கைக்கு மாறாகப் பெண் இறந்து, அதற்குச் சற்று முன்புவரை வரதட்சணைக்காகக் கொடுமை நடந்தது என்று காட்டினால் வரதட்சணை மரணம் ஆகும். இப்போது பிரிவு 80, குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கொடுமை நிரூபணமானால் மரணத்துக்குக் காரணம் கணவர் தரப்பே என்று நீதிமன்றம் அனுமானிக்கும், இல்லை என்று காட்டுவது அவர்கள் பொறுப்பு.

உடற்கூறு ஆய்வு முடியும்வரை உடலை எரிக்கச் சம்மதிக்காதீர்கள். கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., தனியாக விசாரிப்பார். அவரிடம் சொல்வது பின்னால் மிக முக்கியம். அழுகையும் கோபமுமாக இருக்கும் அந்த நேரத்தில் யாரையும் வசைபாடுவதை விட்டு, கடைசி வாரங்களில் மகள் போனில் என்ன சொன்னாள் என்பதைச் சொல்லுங்கள். அவள் போனை யார் எடுத்தார்கள் என்று கேட்டு, போலீஸ் கைப்பற்றச் சொல்லுங்கள்.

நாங்க எல்லாரும் விடுதலை ஆயிட்டோம். பொய்க் கேஸ் போட்டதுக்கு அவங்க மேல திருப்பிப் போடலாமா?

தீர்ப்பின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். 'சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை' என்று இருந்தால், புகார் பொய் என்று அர்த்தமில்லை. சாட்சி பிறழ்ந்ததாலும் ஆதாரம் போதாததாலும் விடுதலையாவது சகஜம். வேண்டுமென்றே ஜோடித்தது என்று நீதிபதியே எழுதியிருந்தால் மட்டும் பொய்க் குற்றச்சாட்டுக்கான 248-வது பிரிவைப் பற்றி யோசிக்கலாம். அதற்கும் நடைமுறை நீளம்.

விவாகரத்து வழக்கு நிலுவையில் இருந்தால் அங்கே இந்தத் தீர்ப்பு பயன்படலாம். பொய்யான குற்றப் புகார் கொடுப்பது கணவருக்கு இழைத்த மனக்கொடுமை ஆகும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கும் போடலாம். போடும் முன், எதிர்த்தரப்பு இந்த விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்திருக்கிறதா என்று நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.